பாக்ஸுக்குக் கற்பூரம்

முனிரத்தினம் சவுண்ட் சர்வீஸில் ஒரு சட்டம் உண்டு. கற்பூரம் காட்டாமல் பாக்ஸுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், எதற்கும் விதிவிலக்கு கிடையாது. வண்டியிலிருந்து பாக்ஸ்களை இறக்கி, ஒயர் மாட்டி, ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் போட்டு, கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்று சுற்றிய பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, திருமுக்கூடலில் ஒரு புதுமனை புகுவிழாவில், நேரமாகிவிட்டதென்று முனிரத்தினம் இதை விட்டுவிட்டார். அன்றைக்கென்று ஆம்ப்ளிஃபையர் புகைந்து போனது. அது அவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, உள்ளே எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது என்பதையெல்லாம் யார் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கற்பூரம் காட்டவில்லை, அதனால் புகைந்தது, அவ்வளவுதான் விஷயம்.

இப்போது கற்பூரம் சுற்றுகிற வேலை ஷாரோனுடையது. முனிரத்தினத்தின் அக்கா மங்கம்மாவின் மகள். அப்பா பெஞ்சமின் வழியில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். யாராவது கேட்டால், "வூட்ல ஜெபம், வேலைல கற்பூரம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுக்கல, உனக்கு இன்னா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் செல்போன் பாகம் பொருத்திக்கொண்டிருந்தவள், கான்ட்ராக்ட் முடிந்தது என்று ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். "சும்மா குந்திக்கினு கீறதுக்கு வந்து பாட்டு போடு" என்று மாமா கூப்பிட்டார். வந்தாள். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றைக்கு எந்த விசேஷத்திலும் டிஜே மேசைக்குப் பின்னால் நிற்பது அவள்தான்.

ஆனால் மைக் மாமாவுடையது. அதை அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். தாய்மாமன் சீர் வருகிறது, பந்தி தயாராக இருக்கிறது, வழியை மறைத்து நிற்கும் பைக்கை எடுக்கவும் என்று எல்லாவற்றையும் ஒரே பக்தியோடு அறிவிப்பார். கடைசியில் எக்கோ திருகை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு, "ஒலி, ஒளி அமைப்பு, முனிரத்தினம் சவுண்ட் சர்வீஸ், சர்வீஸ், சர்வீஸ்" என்று முழங்கிவிட்டுத்தான் மைக்கை வைப்பார். எக்கோ என்றால் ஷாரோனுக்குக் காதில் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் திருகைக் குறைத்துவிடுவாள். அவர் வந்து ஏற்றுவார், இவள் குறைப்பாள். இரண்டு வருடமாக ஓயாமல் நடக்கிற போர் அது. அந்த இரண்டு வருடத்தில் ஊரில் உள்ளவர் பேரெல்லாம் அந்த மைக்கில் ஒலித்துவிட்டது, ஷாரோன் பேர் மட்டும் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை. மாமாவுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பாட்டுப் போடுகிறவள் பேரைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான்.

அவள் பாட்டுப் போடுகிறவள் மட்டும் இல்லை என்பது அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த வசந்த்குமாருக்குத்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன், கையில் அகப்பட்ட சத்தத்தையெல்லாம் போனில் பதிந்து வைத்துத் தாளம் கட்டுகிற பைத்தியம். இருவரும் சேர்ந்து 'கடைமடை' என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு ராப் பாட்டு செய்தார்கள். மாமாவின் குடோனில் மடித்து அடுக்கிய ஷாமியானா துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டால் வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. அதுதான் ஸ்டுடியோ. பாட்டின் பேர் 'பஸ்ஸு வரும்'. கம்பெனி பஸ்ஸுக்காக விடியுமுன்னே ரோட்டோரம் நிற்கிற பெண்களின் பாட்டு.

மாமாவுக்குப் போட்டுக் காட்டினார்கள். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னாமே இது? கண்டக்டர் கிட்ட சில்லறைக்கு சண்ட போடற மாதிரி பேசிக்கினே போற. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். ஷாரோனுக்கு முகம் சுருங்கிப் போனது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே அவரிடம் எடுக்கவில்லை.

பாட்டை வசந்த்குமார் ஒரு வெள்ளிக்கிழமை இணையத்தில் ஏற்றினான். அடுத்த வாரமே சென்னையிலிருந்து அரவிந்தன் என்பவர் போன் செய்தார். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், பிள்ளைகள் தாங்களே செய்து தாங்களே வெளியிடுகிற ஹிப் ஹாப் பாட்டுகளை வாராவாரம் தேடிப்பிடித்துக் கேட்பதுதான் அவருக்கு மூச்சு. மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம், பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கிளப்பில் அந்தப் பாட்டுகளுக்கென்றே டிஜே நிகழ்ச்சி நடத்துகிறார்.

"இந்த மாசம் வந்ததுல உங்க பாட்டுதான் என்னைத் தூங்கவிடல" என்றார் அரவிந்தன். "நேர்ல வந்து பாடுங்க. அடுத்தடுத்து பாண்டிச்சேரி, கோயம்புத்தூர், பெங்களூர்னு மூணு ஊர் கிளப்ல நைட் வெச்சிருக்கோம். இங்க யாரு கூட்டத்தை ஆட வைக்கிறாங்களோ அவங்களை அங்கயும் கூட்டிட்டுப் போறோம்."

ஷாரோன் போனை வைத்துவிட்டுக் குடோனுக்குள் போய், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு குதி குதித்தாள். பாண்டிச்சேரியும் பெங்களூரும் அப்புறம். தன் பாட்டைத் தன் வாயால் நாலு பேர் முன்னால், யார் வீட்டு விசேஷமும் இல்லாத ஒரு மேடையில் பாட வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால், அதே ஞாயிறு காலையில் மாகறலில் ஒரு காதுகுத்து. முடித்துவிட்டு பஸ் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வேறு வழியில்லாமல் மாமாவிடம் சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"பொட்டப் புள்ளய தனியா அனுப்பினேன்னா மங்கம்மாக்கா என் தோல உரிச்சிடும். நானே வண்டில இட்டுக்கினு போறேன். ஆனா எட்டு மணிக்கு கெளம்பிடணும். மறுநாளு மானாம்பதில சீமந்தம் கீது, தெரிஞ்சுதா?"

காதுகுத்து முடிந்ததும், பிரியாணி வாசனை கையிலிருந்து போகுமுன்னே, பாக்ஸ், ஜெனரேட்டர், சீரியல் லைட்டோடு லோடு ஏற்றிய வண்டி வசந்த்குமாரையும் ஏற்றிக்கொண்டு அப்படியே சென்னைப் பக்கம் திரும்பியது. இறக்கி வைத்துவிட்டுப் போக நேரமில்லை. கிளப் வாசலில் காவலாளி வண்டியைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "லோடு வண்டி பின்பக்கம்" என்றான். பின்னால் கார்கள் நிற்கிற பெரிய மைதானத்தின் ஒரு மூலையில் வண்டியை விட்டார் மாமா. சீட்டைச் சாய்த்துக்கொண்டு, "போய் பேசிட்டு வா" என்றார். பாடிட்டு வா என்று சொல்லவில்லை. அது ஷாரோனுக்குச் சுருக்கென்று தைத்தது.

உள்ளே ஒரே குளிர். கறுப்புச் சுவர், நீல வெளிச்சம். இருநூறு பேர் இருப்பார்கள், எல்லாரும் அவள் வயதுக்காரர்கள். வியாசர்பாடியிலிருந்து வந்த மூன்று பையன்கள் முதலில் பாடி, கூட்டத்தைக் கொதிக்க வைத்துவிட்டு இறங்கினார்கள். இறங்குகிற வழியில், "அக்கா, உங்க பாட்டுக்குத்தான் வெயிட்டிங்" என்று ஒருவன் கைகொடுத்தான். அவ்வளவுதான், ஷாரோனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நின்ற பாக்ஸ்களைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் பார்த்த எந்த பாக்ஸும் அவற்றுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

"இதுக்கெல்லாம் காட்டிட்டாங்களா?" என்று வசந்த்குமாரைக் கேட்டாள்.

"இன்னாத்த?" என்றான் அவன், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

பதற்றத்தில் இருக்கிறபோது மனிதருக்குத் தெரிந்த வேலையைக் கை தானாகச் செய்யும். காலையில் மாகறலில் மிச்சமான கற்பூரம் பையில் இருந்தது. டப்பா மூடி ஒன்றை எடுத்து, பாக்ஸுக்கு முன்னால் குந்தி, பெரிய பாக்ஸ் ஆயிற்றே என்று வழக்கத்தைவிட நாலு கட்டி கூடுதலாகவே வைத்துக் கொளுத்தினாள். ஒரு சுற்று சுற்றினாள். மனசு கொஞ்சம் அடங்கியது. இரண்டாம் சுற்று சுற்றினாள். கரும்புகை நேராக மேலே எழும்பிப் போய், கூரையில் தேங்காய் மூடி போலக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வெள்ளைப் பொருளைத் தொட்டது.

காது கிழிகிற மாதிரி மணி அலறியது. பாட்டு நின்றது. நீல வெளிச்சம் போய் எமர்ஜென்சி விளக்குகள் எரிந்தன. எங்கிருந்தோ ஒரு பெண் குரல் இங்கிலீஷில் எல்லாரையும் வெளியே போகச் சொன்னது. இருநூறு பேரும் போனதோடு, கற்பூரத்தைச் செருப்பால் மிதித்து அணைத்துவிட்டு ஷாரோனும் போனாள்.

மைதானத்தில் வெயில் இன்னும் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. கிளப் மேனேஜர் கிருஷ்ணசாமி கழுத்துப் பட்டையைத் தளர்த்தியபடி அரவிந்தனிடம் பேசினார். "ஸ்டேஜுக்குப் பின்னாடி யாரோ எதையோ கொளுத்தியிருக்காங்க சார். அலாரம் அடிச்சா மெயின் தானா கட் ஆயிடும். அலாரம் கம்பெனி ஆள் தாம்பரத்துலேர்ந்து வந்து பார்த்துட்டுத்தான் திரும்பப் போட முடியும். ஞாயித்துக்கிழமை வேற. இன்னிக்கு அவ்வளவுதான்னு நினைச்சிக்குங்க."

அரவிந்தன் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் சிலர் வண்டி பிடிக்கப் போனை எடுத்துவிட்டார்கள். வசந்த்குமார் மெல்ல ஷாரோன் பக்கம் வந்தான்.

"நீ இன்னா பண்ண?"

"கற்பூரம்."

அவன் அப்படியே தரையில் குந்திவிட்டான். ஷாரோனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் ஷாமியானாவுக்குள் வேர்க்க வேர்க்கப் பாடிய பாட்டு! அதைத் தானே ஊதி அணைத்துவிட்டோமே! பேசாமல் வண்டியில் ஏறிப் போய்விடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்த வியாசர்பாடிப் பையன் இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான், பாட்டு உண்டா இல்லையா என்கிற முகத்தோடு. அவள் அரவிந்தனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நாந்தான் சார். பாக்ஸுக்கு கற்பூரம் காட்டினேன்."

"எதுக்குக் காட்டினீங்க?"

"பாக்ஸுக்கு சார்" என்றாள் மறுபடியும். இதைவிட விளக்கமாக அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். நடந்ததை வசந்த்குமார் சொன்னான். திட்டுவார் என்று ஷாரோன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு சுத்தும் சுத்துனியா?"

"ரெண்டுதான் மாமா. அதுக்குள்ள மணி அட்ச்சிட்ச்சி."

"அதான் பாரு" என்றார் அவர், திருப்தியோடு. "பாதில வுட்டா இப்டித்தான் ஆவும்."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வியாசர்பாடிப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஷாரோன் சிரிக்கவில்லை. அவள் கண் மாமாவின் தோளுக்குப் பின்னால், மூலையில் நின்ற வண்டிக்குப் போயிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே பேஸ் பாக்ஸ் நாலும் முட்டிக்கொண்டு நின்றன. ஜெனரேட்டரும் இருந்தது.

"மாமா, பாக்ஸ எறக்கலாம்."

"இங்கயா? நாளைக்கு சீமந்தம் கீது, கட்ன கட்ட அவுத்தா மறுபடி..."

"கரண்ட் போன எடத்துல பாக்ஸ எறக்கறதுதான மாமா நம்ம தொழிலு?"

மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்தார். விளக்கில்லாமல் முழித்துக்கொண்டு நின்றது. இவ்வளவு பெரிய இடத்துக்குத் தன்னுடைய ஜெனரேட்டர் தேவைப்படுகிறது என்கிற விஷயம் அவருக்கு மெல்ல மெல்ல இனிக்க ஆரம்பித்தது.

"டேய் பசங்களா, இங்க வாங்க" என்றார். "பாத்து, கால்ல போட்டுக்கினு பேஜார் பண்ணாதீங்க."

மேனேஜர் முதலில் கையை விரித்தார். பக்கத்தில் இருப்பது டைல்ஸ் குடோன், ஞாயிறு பூட்டியிருக்கிறது, யாருக்கும் தொந்தரவில்லை என்று அரவிந்தன் கெஞ்சிக் கூத்தாடியதில், எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று இறங்கி வந்தார். பெரிய பெரிய சட்டை போட்ட சென்னைப் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து பாக்ஸைத் தூக்கினார்கள். இரண்டு பெண்கள் கார்களுக்கு மேலாகச் சீரியல் லைட் இழுத்துக் கட்டினார்கள். போனில் வண்டி பிடித்தவர்கள் அதை ரத்து செய்தார்கள். ஷாரோன் ஒயர் மாட்டினாள். எந்த ஒயர் எந்தத் துளைக்குப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள்.

எல்லாம் முடிந்து ஜெனரேட்டர் கயிற்றில் வசந்த்குமார் கை வைத்தபோது, "நில்றா!" என்றார் மாமா. "அது பாதில நிக்கிது."

ஷாரோன் ஒரு கட்டி கற்பூரம் கொளுத்தி, விட்டுப்போன மூன்றாம் சுற்றைச் சுற்றினாள். திறந்த வெளியில் புகை அது பாட்டுக்கு மேலே போனது, எந்த மணியும் அலறவில்லை. சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைதட்டினார்கள். மேனேஜர் மட்டும் ஒரு தீயணைப்புச் சிலிண்டரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

வசந்த்குமார் கயிற்றை இழுத்தான். ஒரு தடவை உறுமி அடங்கியது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அவன் ஓடிப்போய்ப் பாட்டைத் தட்டினான். பாட்டு தொடங்குவதே அதே ஜெனரேட்டரின் உறுமலில்தான். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, மூன்றாவதில் தாளம். இப்போதுதான் நேரில் கேட்ட சத்தம் பாக்ஸிலிருந்து பேஸோடு திரும்பி வந்ததும் கூட்டம் "ஓ!" என்று கூவியது. நாலு பேஸ் பாக்ஸும் சேர்ந்து இடித்ததில் கார் கண்ணாடிகள் கடகடத்தன. ஷாரோன் மைக்கை எடுத்தாள்.

"எழுந்தா இருட்டு, வந்தா இருட்டு,
எங்க ஊரு வெயில நான் பாக்குறதே திருட்டு!
ஏழு நாள்ல ஒரு நாள் லீவு கீது,
லீவுக்கும் தொவைக்கிற துணி கீது!"

முதல் வரியிலேயே பயம் போய்விட்டது. கூட்டம் குதிக்க ஆரம்பித்தது. அவள் முன்னால் வந்து நின்றாள், இந்தப் பாட்டுக்கென்றே மாட்டிக்கொண்டு வந்திருந்த பழைய கம்பெனி பேட்ஜைக் கழுத்திலிருந்து கழற்றித் தலைக்கு மேலே பிடித்தாள்.

"பஸ்ஸு வரும், பஸ்ஸு வரும், ஓரமா நில்லு,
பேட்ஜு மேல நம்பர் கீது, பேரு எங்க சொல்லு?"

இரண்டாம் முறை அந்த வரி வந்தபோது கூட்டமும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் முறை அவள் பாடவே தேவையில்லை, மைக்கை நீட்டினால் போதும். இத்தனை நாள் பிறர் பாட்டுக்கு ஊர் ஆடுவதைப் பார்த்தவளுக்கு, தன் பாட்டுக்கு ஆடுகிற இருநூறு பேரைப் பார்த்ததும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாட்டு முடிந்தது. கூட்டம் முடிக்கவில்லை. "பேரு எங்க சொல்லு! பேரு எங்க சொல்லு!" என்று கைதட்டிக் கத்திக்கொண்டே இருந்தது. அரவிந்தன் ஒட்டிய போஸ்டரில் 'கடைமடை' என்று மட்டும்தான் இருந்தது. அவள் பேர் என்னவென்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, உண்மையாகவே கேட்கிறார்கள் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"பாண்டிச்சேரிக்கு நீங்கதான்" என்று அரவிந்தன் அவள் காதில் கத்தினார். "அங்க மட்டும் கற்பூரத்தை வெளியவே காட்டிடலாம். இப்போ பேரைச் சொல்லுங்க!"

ஷாரோன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். வரவில்லை. இவ்வளவு நேரம் பொரிந்து தள்ளிய வாய், சொந்தப் பேரைச் சொல்ல வெட்கப்பட்டு ஒட்டிக்கொண்டது.

பக்கத்திலிருந்து ஒரு கை மைக்கைப் பிடுங்கியது. மாமா. நெற்றியெல்லாம் வேர்வை, சட்டையில் ஜெனரேட்டர் எண்ணெய். அவரும் எங்கோ ஆடிவிட்டுத்தான் வந்திருந்தார் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. பழக்கப்படி எக்கோ திருகை முழுக்க ஏற்றினார். போச்சு, இப்போது சவுண்ட் சர்வீஸ் பேரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்து ஷாரோன் கையைத் திருகுக்குக் கொண்டுபோனாள்.

"அனைவருக்கும் வணக்கம்" என்றார் மாமா, தாய்மாமன் சீர் அறிவிக்கிற அதே குரலில். "இப்போது தங்கள் முன்னிலையில் இந்தப் பாட்டை எழுதிப் பாடியவர், உத்திரமேரூரைச் சேர்ந்த பெஞ்சமின், மங்கம்மா தம்பதியரின் புதல்வி, எங்க வூட்டுப் பொண்ணு..."

அங்கே நிறுத்தி, ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஷாரோன்!"

ரோன், ரோன், ரோன் என்று அந்தப் பேர் கார்களின் மேலும், பூட்டிய டைல்ஸ் குடோன் சுவரிலும், இருட்டத் தொடங்கியிருந்த சாலையிலும் போய் மோதித் திரும்பி வந்தது. கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டு கத்தியது. சவுண்ட் சர்வீஸ் பேரைச் சொல்ல மறந்துவிட்டு மாமா மைக்கைக் கீழே வைத்தார்.

திருகின் மேல் இருந்த ஷாரோனின் கை எக்கோவைக் குறைக்கவில்லை.